வார்டுக் கோடும் வால்வுக் கோடும்: ஒரு பேரூராட்சியின் டெங்கு வரைபடம்

திருப்பூர் மாவட்டத்தில், நொய்யலுக்குத் தெற்கே உள்ள ஒரு பேரூராட்சியில் டெங்குக் காய்ச்சலை வரைபடத்தில் ஏற்றிய வேலையைப் பற்றியது இது. ஊர்ப் பெயரையும் நோயாளிகளின் எண்ணிக்கையையும் வேண்டுமென்றேதான் தரவில்லை. இந்த அளவு ஊரில் எந்தத் தெருவில் எத்தனை பேர் என்று எழுதினாலே யார் யார் என்று எழுதின மாதிரிதான். பயன்படுத்திய மென்பொருள்கள் மூன்று: வரைபடம் போடக் கியூஜிஐஎஸ், விகிதங்களைக் கணக்கிட ஜியோடா, நோய்க் கூட்டங்களைச் சோதிக்கச் சாட்ஸ்கேன். மூன்றையும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம், சாதாரண மடிக்கணினியில் ஓடும்.

ஊரின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. கோயிலைச் சுற்றிப் பழைய ஊர். அதை ஒட்டிச் சில வளவுகள், அதாவது வீட்டுத் தொகுதிகள். மேற்கே தோட்டங்கள், ஒவ்வொரு தோட்டத்துக்குள்ளும் ஒரு சாளை (தோட்டத்து வீடு). கிழக்கே சைட் பிரித்து விற்ற நிலம். அதில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களை நம்பிக் கட்டிய லைன் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தேனி, மதுரைப் பக்கமிருந்து வந்த குடும்பங்களும் ஒடிசா, பீகார் பையன்களும் அங்கே குடியிருக்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் ஊர் என்பதால், இங்கே கொசுவுக்கு மழையைவிடச் சேமித்த தண்ணீர்தான் ஆதாரம். பவானி ஆற்றுத் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. தினமும் வராது, முறை வைத்து விடுவார்கள். நல்ல தண்ணி வருகிற அன்றைக்கு டிரம், சின்டெக்ஸ், அண்டா, குடம் எல்லாம் நிரம்பிவிடும். துவைக்க, கழுவ மட்டும் போர்வெல் உப்புத் தண்ணி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்தி கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். தண்ணீர் முறை அதைவிட நீண்டுபோனால், மூடாத டிரம்மில் ஒரு தலைமுறைக் கொசுவே வளர்ந்து வெளியேறிவிடும்.

ஏற்கெனவே இருந்த வரைபடம்

சுகாதாரப் பிரிவில் வார்டு வாரியாக நிறம் பூசிய ஒரு படம் ஏற்கெனவே இருந்தது. ஒரு வார்டு மட்டும் கருஞ்சிவப்பு. மற்றவை வெளிர் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருந்தன. புகை மருந்து வண்டி, அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தை ஊற்றும் ஆட்கள், ஒலிபெருக்கி என்று எல்லாமே அந்தச் சிவப்பு வார்டுக்கு முதலில் போய்க்கொண்டிருந்தன. "அந்த வார்டுல மட்டும் ஏன் இப்படி?" என்பதுதான் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி.

விடை, படத்துக்குப் பின்னால் இருந்த லைன் லிஸ்ட்டில் கிடைத்தது. காய்ச்சல்காரர்களின் பட்டியல் மூன்று வழிகளில் வருகிறது: ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, தனியார் லேப்கள். ஆய்வகத் தாளில் விலாசம் என்ற கட்டத்தில் வேலைக்கு வந்த பையன்கள் பலர் கம்பெனியின் பெயரை எழுதியிருந்தார்கள். கூட்டிக்கொண்டு போன சூப்பர்வைசருக்குத் தெரிந்த விலாசம் அது ஒன்றுதானே. கம்பெனி இருப்பது சிவப்பு வார்டில். பையன்கள் தூங்குவதோ வேறு இரண்டு மூன்று இடங்களில்.

இன்னொரு கூட்டம் இதற்கு நேர்மாறு. ஆதார் அட்டையைக் காட்டிப் பதிந்ததால் விலாசம் உசிலம்பட்டி என்றோ போடிநாயக்கனூர் என்றோ இருந்தது. பேரூராட்சி வார்டுகளோடு பட்டியலை இணைக்கச் சொன்னால், பொருந்தாத வரிகளை மென்பொருள் சத்தமில்லாமல் கழித்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. படம் அழகாக, முழுமையாகத் தெரியும். பட்டியலில் எத்தனை வரி, படத்தில் எத்தனை ஆள் என்று இரண்டையும் கூட்டிப் பார்க்கிறவருக்கு மட்டுமே வித்தியாசம் தெரியும். நோய் வரைபடம் யார் கொண்டுவந்து காட்டினாலும் நான் முதலில் கேட்பது இந்த இரண்டு எண்களைத்தான். நிறமெல்லாம் அப்புறம்.

விலாசம் என்னும் சிக்கல்

ஊர்ப் பெயரைக் கொடுத்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்துத் தரும் தானியங்கிச் சேவைகள் கொங்கு நாட்டில் நன்றாகவே தடுக்கி விழும். திருப்பூர் மாநகராட்சியில் சேர்ந்துவிட்ட 15 வேலம்பாளையம் என்ற ஊரின் பெயரே எண்ணோடுதான். மென்பொருள் அதை வேலம்பாளையத்தில் 15ஆம் நம்பர் வீடு என்று படித்துக்கொள்கிறது. வீரபாண்டி திருப்பூரிலும் இருக்கிறது, சேலத்திலும் இருக்கிறது, தேனியிலும் இருக்கிறது. போதாததற்குக் கோவைப் பக்கம் நம்பர் 4 வீரபாண்டி வேறு. செட்டிபாளையம், புதுப்பாளையம், புதூர் எல்லாம் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதே தனி வேலை. ஊர் அளவில் இதற்கு ஒரு மருந்து உண்டு: மத்திய அரசின் உள்ளாட்சி அடைவில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஊராட்சிக்கும் தனி எண் இருக்கிறது. பெயரை விட்டுவிட்டு அந்த எண்ணால் இணைத்தால் ஊர் மாறாது.

வீட்டு அளவில் அது உதவாது. 'சின்னச்சாமி கவுண்டர் தோட்டம், காட்டுச்சாளை' மாதிரியான விலாசத்துக்குத் தெருவும் கிடையாது, கதவு எண்ணும் தபால்காரருக்கு மட்டுமே தெரியும். ஆகவே விலாசத்தைத் துரத்துவதை நிறுத்திவிட்டு, ஆளைத் தேடிப் போகிற வழிக்கு மாறினோம். வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்கும் டிபிசி பணியாளர்களின் செல்போனில் வரைபடத்தில் புள்ளி குறிக்கும் கியூஃபீல்டு செயலியை ஏற்றினோம். காய்ச்சல் வந்தவர் இரவில் படுத்திருந்த வீட்டு வாசலில் நின்று ஒரு புள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். வானம் மறைக்காத இடத்தில் செல்போன் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகில் இடத்தைச் சொல்லிவிடும். ஏடிஸ் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றுவது என்பதால், அந்தப் பிசகு ஒரு பொருட்டில்லை.

பகலில் கடிக்கும் கொசுவுக்கு இரவில் தூங்கும் வீட்டை ஏன் குறிக்க வேண்டும் என்று ஒரு சுகாதார ஆய்வாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒடிசாப் பையன் பகல் முழுக்கக் கம்பெனியில்தானே இருக்கிறான்? அதற்காகப் படிவத்தில் இரண்டாவது புள்ளி ஒன்றைச் சேர்த்தோம்: வேலை செய்யும் இடம். இரண்டையும் தனித்தனியாகப் படமாக்கிப் பார்த்ததில், கம்பெனிகள் வழியே எந்தத் திரட்சியும் தெரியவில்லை. ஒரே கம்பெனியில் வேலை செய்து வேறு வேறு இடங்களில் குடியிருந்தவர்களில், கிழக்கு லைன் வீட்டுக்காரர்கள்தான் பட்டியலில் அதிகம் வந்தார்கள். சிவப்பு வார்டின் சிவப்பு அத்தோடு வெளுத்துவிட்டது.

தமிழில் பெயர் வைத்தால்

இந்த இடத்தில் ஒரு சின்ன இடைச்செருகல், இதே வேலையைச் செய்ய வருகிறவர்களுக்காக. கைக்கு வந்த வார்டு எல்லைகள் ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வடிவத்தில் இருந்தன. அந்த வடிவத்தில் அட்டவணைப் பத்தியின் பெயருக்கு 10 பைட்டுக்கு மேல் இடம் கிடையாது. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் எடுத்துக்கொள்கிறது. துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ஆக, 'வார்டு' என்று பத்திக்குப் பெயர் வைத்துச் சேமித்தால் மூன்று குறியீட்டோடு நறுக்கப்பட்டு 'வார' என்று நிற்கும். எழுத்துமுறையைச் சரியாகக் குறிக்காவிட்டால் உள்ளே இருக்கும் ஊர்ப் பெயர்களும் கேள்விக்குறிகளாகிவிடும். ஜியோபேக்கேஜ் வடிவத்தில் சேமித்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. கியூஜிஐஎஸ் இப்போது முதலில் பரிந்துரைப்பதும் அதைத்தான்.

இன்னொன்று, தூரம். செல்போனிலிருந்து வரும் புள்ளிகள் பாகையில் இருக்கும். அதே நிலையில் '200' ஆரத்தில் வட்டம் போடு என்றால் மென்பொருள் 200 மீட்டருக்குப் பதிலாக 200 பாகைக்குப் போட்டு ஊரையே விழுங்கிவிடும். மீட்டர் கணக்குக்கு, உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் யூடிஎம் என்ற முறைக்கு மாற்ற வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 78 பாகைத் தீர்க்கரேகையில் யூடிஎம் மண்டலம் மாறுகிறது, அந்தக் கோடு கொங்கு நாட்டின் ஊடாகவே போகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திருச்செங்கோடு எல்லாம் 43ஆம் மண்டலம். கரூர், நாமக்கல், சேலம் நகரங்கள் 44. மாவட்டங்களைச் சேர்த்து வேலை செய்கிறவர்கள் ஏதாவது ஒரு மண்டலத்தை முடிவு செய்து எல்லாக் கோப்பையும் அதற்கே மாற்றிக்கொள்வது நல்லது. எங்களுக்கு 43தான், தொந்தரவில்லை.

எத்தனை பேருக்கு எத்தனை

புள்ளிகள் சரியான பிறகும் வார்டுப் படம் கண்ணைக் கட்டியது. மேற்கே தோட்டங்கள் உள்ள ஒரு வார்டு திடீரென்று சிவந்தது. அங்கே மக்கள்தொகை குறைவு. கணக்கு எப்படி விளையாடுகிறது என்பதை ஒரு உதாரணத்தால் சொல்லலாம்: 800 பேர் உள்ள வார்டில் 2 பேருக்குக் காய்ச்சல் என்றால் 10,000 பேருக்கு 25. 8,000 பேர் உள்ள வார்டில் 12 பேருக்கு என்றால் 10,000 பேருக்கு 15. முதல் வார்டில் இன்னும் ஒருவர் படுத்தால் விகிதம் 37.5க்குத் தாவும். இரண்டாவதில் ஒருவர் கூடினால் 16.25தான். சிறிய வார்டு பெரும்பாலும் உச்சியிலோ அடியிலோதான் இருக்கும், நடுவில் நிற்பது அரிது.

ஜியோடா இதற்குத்தான் கை கொடுத்தது. புவியியல் புள்ளியியலில் பெயர் பெற்ற லூக் ஆன்செலினும் அவரது குழுவும் உருவாக்கியது அது. அதில் அனுபவ பேய்ஸ் முறையில் விகிதத்தைச் சமன்படுத்தும் வசதி பட்டியலிலேயே இருக்கிறது. மக்கள்தொகை குறைந்த வார்டின் விகிதத்தை ஊர்ச் சராசரியை நோக்கி இழுத்துவிடும். பெரிய வார்டின் விகிதத்தைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிடும். சமன்படுத்தியதும் தோட்டத்து வார்டு அடங்கிவிட்டது.

ஆனால் வகுத்தலின் கீழே இருக்கும் எண்ணே சந்தேகம். கடைசியாக நடந்து முடிந்த மக்கள்தொகைக் கணக்கு 2011. வேலைக்கு ஆள் வந்து குவியும் திருப்பூர்ப் பக்கத்தில் அந்த எண் பழங்கதை. லைன் வீடுகள் இருக்கும் பல சைட்டுகள் அப்போது சோளக்காடு. வார்டு எல்லைகளும் இடையில் மாற்றி வரையப்பட்டுவிட்டன. பழைய எண்ணைப் புதிய எல்லைக்குள் போட்டு வகுத்தால் கிழக்குப் பகுதியின் விகிதம் இருப்பதைவிடக் கூடுதலாகவே தெரியும். வீட்டுவரிப் பதிவேடு, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு என்று மாற்று வழிகளையும் பார்த்தோம். லைன் வீடு என்றால் பல குடித்தனங்களுக்குச் சேர்த்து ஒரே வரி ரசீதுதான். சரி, வகுப்பதையே தவிர்க்க வழி இருக்கிறதா என்று யோசிக்க வேண்டி வந்தது. அதைச் சாட்ஸ்கேன் பகுதியில் சொல்கிறேன்.

வால்வுக்காரர் போட்ட கோடு

இந்த வேலையில் எனக்கு முக்கியமாகப் பட்டது மென்பொருளுக்கு வெளியே நடந்தது. புள்ளிகளை மட்டும் வைத்துப் பார்த்தபோது, திரட்சி இரண்டு வார்டுகளின் எல்லைக்கு இருபுறமும் நீளவாக்கில் கிடந்தது. வார்டு வாரியாகக் கூட்டினால் அது இரண்டாகப் பிளந்து இரண்டு வார்டிலும் நடுத்தரமாகத் தெரிந்தது. எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோமோ அதற்கேற்ப வடிவம் மாறுவது இந்தத் துறையில் பழைய பிரச்சினை. அதற்கென்று ஒரு பெயரே வைத்து 1970களின் கடைசியிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் வார்டை விட்டு வேறு எந்தக் கோடு கொசுவுக்கு அர்த்தமுள்ளது?

தண்ணீர் விடுகிறவரைக் கேட்டோம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து எந்த வால்வை எந்த நாளில் திறப்பது என்பது முழுக்க அவர் தலைக்குள் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தின் மேல் வார்டு எல்லையைப் போட்டு அச்செடுத்துக் கொடுத்ததும் அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, தண்ணி மேடு பள்ளம் பாத்துத்தானுங் போகும். உங்க வார்டுக் கோட்டப் பாத்தா போகும்?"

அப்புறம் பேனாவை வாங்கித் தெருத் தெருவாகக் கோடு போட ஆரம்பித்தார். இது பழைய ஊர் வால்வு, இது கோயில் வால்வு, இது மேட்டுத் தோட்டம். கிழக்கே வந்ததும் கோடு வார்டு எல்லையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. "இது ரெண்டும் கடைமடைங். தொட்டி நெறைஞ்சு, எல்லாத்துக்கும் விட்டு முடிச்சுப்போட்டுத்தான் இங்க தெறப்பேன். கரண்டு போச்சுன்னா இவங்களுக்குத்தான் தள்ளிப் போகும்." கீழ்பவானி வாய்க்கால் பாசனத்துக்காரர்களுக்குக் கடைமடை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை: தண்ணீர் கடைசியாக வந்து சேரும் முனை. குழாய்த் தண்ணீருக்கும் அதே விதிதான்.

அந்தத் தாளைக் கியூஜிஐஎஸ்ஸில் வரைந்து தனி அடுக்காக்கினோம். அதன் மேல் புள்ளிகளைப் போட்டபோது, நீளவாக்கில் கிடந்த திரட்சியில் பெரும்பகுதி அந்த இரண்டு கடைமடை வால்வுகளுக்குள் உட்கார்ந்தது.

நோய் வரைபடம் என்றாலே 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா மரணங்களைக் குறித்த மருத்துவர் ஜான் ஸ்னோவை இழுப்பது வழக்கம். நானும் இழுக்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. அவர் சாவுகளைத் தெருவில் குறித்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அடுத்த ஆண்டு வெளியான விசாரணைக் குழு அறிக்கைக்கான படத்தில் அவர் ஒரு புள்ளிக்கோடும் போட்டிருந்தார்: எந்தெந்த இடத்திலிருந்து நடந்தால் பிராட் தெரு அடிபம்பும் பக்கத்து அடிபம்புகளும் ஒரே தூரம் என்று காட்டும் கோடு. திருச்சபை எல்லையையோ நிர்வாக எல்லையையோ எடுக்காமல், தண்ணீர் எடுக்க ஆள் நடக்கும் தூரத்தை எல்லையாக எடுத்தார். நம் வால்வுக்காரரின் பேனா செய்ததும் அதே வேலைதான். பம்பின் கைப்பிடியைக் கழற்றியபோது காலரா ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எப்போது என்பதையும் சேர்த்தால்

ஓரிடத்தில் புள்ளிகள் கூடியிருக்கின்றன என்று கண்ணுக்குத் தெரிவது போதாது. மனிதக் கண் எந்தச் சிதறலிலும் கூட்டத்தைக் கண்டுபிடித்துவிடும். தற்செயலா இல்லையா என்று சோதிக்க மார்ட்டின் குல்டார்ஃப் உருவாக்கிய சாட்ஸ்கேனை எடுத்தோம். வரைபடத்தின் மேல் சின்னதும் பெரிதுமாக ஆயிரக்கணக்கான வட்டங்களை நகர்த்தி, உள்ளே எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கிறதா என்று கணக்கிடும். பிறகு தரவை 999 முறை கலைத்துப் போட்டு, அவ்வளவு பெரிய கூட்டம் தற்செயலாக எத்தனை முறை வருகிறது என்று எண்ணும்.

வகுத்தல் பிரச்சினைக்கான வழி இங்கேதான் இருந்தது. 2005இல் குல்டார்ஃபும் கூட்டாளிகளும் வெளியிட்ட இட-கால வரிசைமாற்ற முறைக்கு மக்கள்தொகையே வேண்டாம். நோயாளியின் இடமும் தேதியும் போதும். ஒவ்வொரு இடத்தின் மொத்தமும் ஒவ்வொரு நாளின் மொத்தமும் இவ்வளவு என்றால், இந்த இடத்தில் இந்த வாரத்தில் மட்டும் மிகுதி ஏன் என்று அது கேட்கிறது. 2011 எண்ணை நம்ப முடியாத ஊருக்குப் பொருத்தமான கேள்வி.

அதற்கும் ஒரு பொறி உண்டு. ஊரின் ஒரு பகுதியில் மட்டும் ஆள் தொகை திடீரென்று மாறினால் இந்த முறை ஏமாறும். தீபாவளிக்குத் திருப்பூர்ப் பக்கம் எப்படிக் காலியாகும் என்று எல்லோருக்கும் தெரியும். தென் மாவட்டக்காரர்கள் பஸ் ஏறுவார்கள், பீகார்ப் பையன்கள் சட் பூஜை வரைக்கும் இருந்துவிட்டு வருவார்கள். லைன் வீடுகள் பூட்டிக் கிடக்கும்போது அங்கே காய்ச்சல் குறைந்ததாகவும், திரும்பி வந்ததும் புதிதாகக் கிளம்பியதாகவும் கணக்கு காட்டும். ஆகவே பண்டிகையை ஒட்டிய நாட்களைத் தனியாகப் பிரித்து, அவற்றைச் சேர்த்தும் விட்டும் ஓட்டினோம்.

தேதியிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. பட்டியலில் இருந்தது பதிவான தேதி. சில லேப்கள் வாரக் கணக்கைச் சேர்த்து ஒரே நாளில் அனுப்புவதால், படத்தை நாள் வாரியாக ஓடவிட்டால் டெங்கு திங்கட்கிழமைகளில் மட்டும் வருகிற மாதிரி இருந்தது. காய்ச்சல் தொடங்கிய தேதிக்கு மாற்றியபோது அந்தத் துடிப்பு மறைந்தது. டெங்குவுக்குத் தொடங்கிய தேதி இல்லாமல் பரிசோதனை முடிவைக்கூடச் சரியாகப் படிக்க முடியாது: வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை முதல் ஐந்து நாட்களில்தான் நம்பகமானது, உடல் உருவாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் அதற்கு அப்புறம்தான் தெரியத் தொடங்கும். ரேபிட் கார்டில் மட்டும் பாசிட்டிவ் ஆனவர்களை 'சாத்தியம்' என்றும், எலைசா என்ற ஆய்வகச் சோதனையில் வந்தவர்களை 'உறுதி' என்றும் வேறு வேறு குறியீட்டில் வைத்தோம். இரண்டு குறியீடும் ஒரே பக்கம்தான் கூடின.

சாட்ஸ்கேன் சுட்டிய முதன்மைக் கூட்டம் கடைமடையின் இரண்டு வால்வுகளைச் சுற்றியே விழுந்தது, பண்டிகை நாட்களை விட்டாலும் சேர்த்தாலும். வட்டமாகத் தேடுவதால், பக்கத்து மேட்டுத் தெரு ஒன்றையும் அது சும்மா சேர்த்து விழுங்கியிருந்தது. அந்தத் தெருவில் நோயாளிகளே இல்லை. வட்டத்தைப் படத்தில் வரைந்து காட்டினால் அந்தத் தெருக்காரர்கள் வீணாகப் பயப்படுவார்கள் என்பதால், வால்வுப் பகுதிகளின் நடுப்புள்ளிகளையும் எது எதற்கு அண்டை என்ற பட்டியலையும் நாமே கொடுத்து மீண்டும் ஓட்டினோம். மென்பொருள் அதற்கு இடம் தருகிறது, பலர் பயன்படுத்துவதில்லை.

கொட்டச் சொல்லும் நாள்

வரைபடத்தால் உண்மையில் மாறியது டிபிசி பணியாளர்களின் சுற்று அட்டவணை. அதுவரை வார்டு வரிசையில் போய்க்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டுக்கு எந்த நாளில் போகிறோம் என்பதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. கிழக்கு லைன் வீடு ஒன்றில் ஒரு பணியாளரோடு போனபோது, டார்ச் அடித்தால் டிரம்முக்குள் புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள் என்றதும் அந்த வீட்டு அக்கா பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார். "முந்தாநேத்துத்தான் புடிச்சோம். கொட்டிட்டா அடுத்த தண்ணி வர்ற வரைக்கும் நீங்க கொண்டாந்து குடுப்பீங்களா?" அவர் கேட்டதில் தவறு எங்கே?

அட்டவணை வால்வு நாளுக்கு மாறியது. ஒரு வால்வு திறக்கிற நாளுக்கு முந்தைய நாள் அந்தப் பகுதிக்குப் போவது. அன்றைக்கு டிரம்மில் அடியில் கொஞ்சம்தான் இருக்கும். மிச்சத்தைக் கொட்டி, பக்கச் சுவரைத் தேய்க்கச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. தேய்ப்பதுதான் முக்கியம்: ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் தாங்கும். வெறுமனே கொட்டி நிரப்பினால் அடுத்த தண்ணீரில் பொரித்துவிடும். வால்வுக்காரர் முறை மாறினால் ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுகிறார், அதை வைத்து மேற்பார்வையாளர் ஆட்களைப் பிரிக்கிறார். புழு இருந்த பாத்திரங்களின் எண்ணிக்கையை 100 வீட்டுக்கு இத்தனை என்று சொல்லும் பிரெட்டோ குறியீட்டையும் வார்டை விட்டு வால்வு வாரியாகவே போட ஆரம்பித்தார்கள். கடைமடையில் அந்தக் குறியீடு மற்ற பகுதிகளைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது. நோயாளிப் புள்ளிகளைத் தொடாத, தனியாகச் சேகரித்த தரவு அது என்பதால், திரட்சி வெறும் கணக்குத் தோற்றமில்லை என்பதற்கு அதைத்தான் நான் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

காய்ச்சல் குறைந்தது. ஆனால் மார்கழிக் குளிரும் வந்துவிட்டது, பருவமும் முடிந்தது. அட்டவணை மாற்றத்தால்தான் குறைந்தது என்று அறிக்கையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள், நான் சேர்க்கவில்லை. பிராட் தெரு பம்பின் கதைதான் இங்கேயும். ஒரே ஒரு பருவத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது.

நிறமும் ஆளும்

படத்தை யாருக்கு எப்படிக் காட்டுவது என்பதில் சுமூகமாக எதுவும் நடக்கவில்லை. கவுன்சிலர் ஒருவர் தன் வார்டைச் சிவப்பில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோரிக்கை சிரிப்பை வரவழைத்தாலும், உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது. மென்பொருளில் ஐந்து சம எண்ணிக்கை வகுப்புகள் என்று தேர்ந்தெடுத்தால், ஊர் முழுக்க நோயே அற்பமாக இருந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு வார்டுகள் கருஞ்சிவப்பாகத்தான் வரும். நிலையான எல்லைகளை முன்கூட்டியே முடிவு செய்து, வாரா வாரம் அதே எல்லையை வைத்தால்தான் போன வாரத்தோடு ஒப்பிட முடியும். நாங்கள் நீல நிறச் சாயல்களுக்கு மாறினோம். அதிலும் சிலருக்கு அதிருப்திதான்.

புள்ளி வரைபடம் அலுவலகத்துக்கு வெளியே போகக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முந்தைய பருவத்தில் ஒரு புள்ளிப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, குறிப்பிட்ட லைன் வீட்டுக்காரர்களுக்குப் பக்கத்துக் கடைக்காரர் சாமான் கொடுக்கத் தயங்கியிருக்கிறார். 2020இல் கொரோனாத் தெருக்களைத் தகரம் அடித்து மறித்ததைப் பார்த்த மக்களுக்குப் படத்தில் தெரியும் ஒரு புள்ளியே போதும். வெளியே போகும் படத்தில் 200 மீட்டர் அறுகோணக் கட்டங்கள் மட்டும் இருக்கும். ஆள் குறைவாக உள்ள கட்டங்கள் பக்கத்துக் கட்டத்தோடு சேர்க்கப்படும். தோட்டத்துச் சாளைகளுக்கு அதுவும் போதாது. ஒரு கட்டத்துக்குள் ஒரே சாளை என்றால் கட்டமே வீடு. மேற்குப் பகுதி முழுவதையும் ஒரே நிறமாக்கிவிட்டோம்.

மாவட்ட அளவில் இந்தத் தரவு 2021 ஏப்ரலில் நாடு முழுவதும் தொடங்கிய, மத்திய அரசின் ஐ.எச்.ஐ.பி என்ற நோய்க் கண்காணிப்பு இணையதளத்துக்குப் போகிறது. அந்தத் தளம் நோயைக் கிராமம், வட்டாரம், மாவட்டம் என்ற நிர்வாக அடுக்கில் பார்ப்பதற்கானது. வால்வு என்ற அடுக்குக்கு அதில் இடமில்லை, இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பேரூராட்சியின் சொந்தக் கணினியில், ஒரே ஜியோபேக்கேஜ் கோப்புக்குள் அது இருக்கிறது.

இப்போதைக்கு அந்தக் கோப்பில் கவனிக்க வேண்டிய ஒரே விஷயம், வால்வு எல்லைகளின் தேதி. கிழக்கே புதிய குழாய் பதிக்கும் வேலை நடக்கிறது. முடிந்தால் கடைமடை இடம் மாறும். பழைய கோட்டை அழித்துப் புதியதை வரைந்துவிட்டால், முந்தைய பருவத்து நோயாளிகள் அப்போது இல்லாத வால்வுக்குள் போய் விழுந்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு எல்லைக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று இரண்டு பத்திகள் சேர்த்திருக்கிறோம். குழாய் மாறினால் பழைய எல்லைக்கு முடிவுத் தேதி போட்டுவிட்டுப் புதியதைத் தனி வரியாகச் சேர்க்க வேண்டும், எதையும் அழிக்கக் கூடாது. பத்திகளின் பெயர் ஆங்கிலத்தில், மேலே சொன்ன காரணத்துக்காக: யாராவது ஒருநாள் இதை ஷேப்ஃபைலாக மாற்றத்தான் போகிறார்கள்.